இயங்குதளத்தில் ஓட்டை இருந்தால் பொறுப்பு யாருடையது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "என் கணினியில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்) புகுந்து கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. சரிசெய்ய வந்தவர், 'அப்டேட் போடாமல் விட்டது உங்கள் தப்பு' என்கிறார். சில மாதங்களாக அதைத் தள்ளிப்போட்டது உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய இயங்குதளத்தில் ஓட்டையை வைத்தது நானா? ஆன்டிவைரஸும் போட்டிருந்தேன். யார்தான் இதற்குப் பொறுப்பு? லினக்ஸுக்கு மாறினால் இந்தத் தொல்லை தீருமா?"

ஓட்டை உருவானதில் உங்களுக்குப் பங்கே கிடையாது. அது முழுக்கத் தயாரிப்பாளரின் கணக்கு. திருத்தம் வெளியாகி உங்கள் திரையில் வந்து நின்ற நாளிலிருந்து ஒரு பங்கு உங்களிடம் வருகிறது. அந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்பதில்தான் விவகாரம். மொத்தத்தையும் உங்கள் தலையில் கட்டிவிட்டுப் போவது எங்கள் துறையில் ரொம்ப நாளாக உள்ள பழக்கம். சர்வர் பராமரிப்பில் இருக்கும் நாங்களே அதை நிறையச் செய்திருக்கிறோம்.

நான் பார்க்கும் முறை இது. எந்த ஓட்டைக்கும் ஒரு ஆயுள் உண்டு. நிரலில் அது எழுதப்பட்ட நாள், யாரோ கண்டுபிடித்த நாள், தயாரிப்பாளருக்குத் தெரிந்த நாள், திருத்தம் வந்த நாள், அந்தத் திருத்தம் குறிப்பிட்ட ஒரு கணினியில் ஏறிய நாள். ஒவ்வொரு கட்டத்திலும் அதை அடைக்க யார் கையில் வசதி இருந்தது என்று கேட்டுக்கொண்டே வந்தால் பொறுப்பு தானாகப் பிரிந்துவிடும். சட்டமும் லைசென்ஸும் இத்தனை வருடம் இதற்கு நேர்மாறாகத்தான் பிரித்து வைத்திருந்தன.

லைசென்ஸிலிருந்தே தொடங்கலாம். விண்டோஸை நிறுவும்போது "ஏற்கிறேன்" என்று அழுத்தினீர்களே, அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியில் நஷ்ட ஈடு பற்றி ஒரு பிரிவு இருக்கும். உங்களுக்கு என்ன இழப்பு வந்தாலும் நீங்கள் மென்பொருளுக்குக் கொடுத்த விலைக்கு மேல் கேட்க முடியாது, தரவு போனது, வருமானம் போனது போன்றவற்றுக்குக் கேட்கவே முடியாது என்பது அதன் சாரம். இலவச இயங்குதளமான லினக்ஸின் மையப் பகுதி கெர்னல், அதன் ஜிபிஎல் உரிமத்தைப் பார்த்தால் அங்கே இன்னும் வெளிப்படையாக இருக்கும்: எந்த உத்தரவாதமும் இல்லை, தரமும் செயல்திறனும் எப்படி இருந்தாலும் ஆபத்து முழுவதும் உங்களுடையது. இலவசமாகத் தருபவர் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலை வாங்கிக்கொண்டு அதையே சொல்வதை எந்தத் துறையிலும் இவ்வளவு காலம் யாரும் அனுமதித்ததில்லை.

இந்த இடத்தில் பூட்டு உவமையைக் கொண்டுவருவார்கள். வீட்டில் திருட்டுப் போனால் பூட்டு செய்தவனையா பிடிப்பீர்கள் என்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பொருந்தாது. ஒரு பூட்டில் குறை இருந்தால் திருடன் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து திறக்க வேண்டும். இயங்குதளத்தில் ஒரு குறை இருந்தால் அதே குறை உலகத்தில் உள்ள எல்லாப் பிரதியிலும் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே இரவில் இயந்திரமே திறந்துவிடும்.

அது எப்படி நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு, 2001ஆம் ஆண்டு ஜூலையில் வந்த கோட் ரெட் புழு, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் தீநிரல். மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் என்ற வலைச் சர்வரில் இருந்த ஓட்டை வழியாக ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் பரவியது. திருத்தம் ஒரு மாதம் முன்பே வெளியாகிவிட்டது. அப்படியானால் போடாதவர்கள் குற்றவாளிகளா? விஷயம் என்னவென்றால் விண்டோஸ் 2000 சர்வரை நிறுவினால் ஐஐஎஸ் தானாகவே கூட வந்துவிடும். தங்கள் கணினியில் ஒரு வலைச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒருவர் எப்படித் திருத்தம் போடுவார்? பின்னால் வந்த விண்டோஸ் சர்வர் 2003இல் ஐஐஎஸ் தானாக நிறுவப்படுவதை நிறுத்தினார்கள். அந்த ஒரு முடிவு, கணினிகளைப் பராமரிக்கும் லட்சக்கணக்கான அட்மின்களுக்கு அனுப்பிய எச்சரிக்கைகளை விட அதிகம் சாதித்திருக்கும் என்பது என் எண்ணம்.

இடையில் 2002 ஜனவரி 15 அன்று பில் கேட்ஸ் ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். புதிய வசதியா பாதுகாப்பா என்ற கேள்வி வந்தால் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் மையம். அதன்பின் விண்டோஸ் பிரிவின் வேலையையே நிறுத்திவைத்து, நிரலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பழைய நிரலை மறுபடி படிக்க வைத்தார்கள். அதுவரை முன்னுரிமை எதற்கு இருந்தது என்பதற்கு அந்தக் கடிதத்தை விடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் வேண்டியதில்லை.

அடுத்த வருடம் ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தது. அந்தக் காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சின்னப் பெட்டி நினைவிருக்கும். கணினி அணையப் போகிறது, வேலையைச் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, 60 நொடியிலிருந்து கீழே எண்ணத் தொடங்கும். அதைத் தடுக்கும் திருத்தத்தை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையத்தில் இணைந்தால் பதிவிறக்கம் முடிவதற்குள் புழு மறுபடி வந்துவிடும், எண்ணிக்கையும் மறுபடி தொடங்கும். பயனர் எந்த இணைப்பையும் அழுத்தவில்லை, எந்தக் கோப்பையும் திறக்கவில்லை. வயரைச் சொருகியதைத் தவிர அவர் எதுவுமே செய்யவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால் எக்ஸ்பிக்குள்ளேயே ஒரு ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் நிரல், 2001 முதல் இருந்தது. அது இயங்கிக்கொண்டிருந்தால் பிளாஸ்டர் வாசலிலேயே நின்றிருக்கும். ஆனால் நிறுவும்போது அது அணைக்கப்பட்ட நிலையில்தான் வரும். 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 அதை இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. நிரலை எழுதிவிட்டால் மட்டும் தயாரிப்பாளரின் கடமை முடிந்துவிடாது. பெட்டியைப் பிரிக்கும்போது எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று தீர்மானிப்பவரும் அவரே. அந்தத் தீர்மானத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் கணினியைக் கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். அதனால் என் கணக்கில் இயல்நிலை அமைப்புகளின் முழுப் பொறுப்பும் அவருடையது.

நிரலிலும் அப்படித்தான். சி, சி++ மொழிகளில் எழுதும்போது நினைவகத்தைக் கையாளுவதில் நேரும் தவறுகளே தங்கள் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் சொன்னது. ஆண்ட்ராய்டில் 2019இல் அது 76 சதவீதம். புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கியபின் 2024இல் 24 சதவீதமாக இறங்கியது என்று கூகுள் கணக்குக் கொடுத்தது. பாஸ்வேர்டை எவ்வளவு நீளமாக வைத்தாலும் பயனரால் இப்படி ஒரு சரிவைக் கொண்டுவர முடியாது.

இனி திருத்தம் வந்தபின் நடப்பது. இதற்கு 2017இன் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் விவகாரத்தை நாள்வாரியாகப் பார்ப்பது நல்லது. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓட்டைக்கு மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று, ஷேடோ புரோக்கர்ஸ் என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல் அதே ஓட்டையைப் பயன்படுத்தும் எடர்னல்புளூ என்ற கருவியை இணையத்தில் கொட்டியது. மே 12 அன்று வான்னாகிரை அந்தக் கருவியில் ஏறி உலகத்தைச் சுற்றியது. அந்தக் கருவி அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து திருடப்பட்டது என்று மைக்ரோசாஃப்டின் தலைவர் பிராட் ஸ்மித் வெளிப்படையாகவே எழுதி, அரசுகள் இப்படி ஓட்டைகளைச் சேர்த்துவைப்பதைக் கடுமையாகச் சாடினார். ஆக மார்ச்சுக்கு முன் பொறுப்பு இரண்டு பேரிடம் இருந்தது. ஓட்டையை விட்ட நிறுவனம் ஒன்று. தெரிந்தும் சொல்லாமல் வைத்துக்கொண்ட அரசு அமைப்பு இன்னொன்று. இந்த இரண்டாவது ஆளை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

மார்ச் 14க்குப் பிறகு பந்து அட்மின்களின் பக்கம் வந்தது. அவர்கள் கையில் ஏறக்குறைய இரண்டு மாதம் இருந்தது. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். பழைய எக்ஸ்பி வைத்திருந்ததால்தான் மாட்டினார்கள் என்று அப்போது செய்தி பரவியது. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் விசாரித்தபோது, தாக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று தெரிந்தது. அதற்குத் திருத்தம் இருந்தது, போடச் சொல்லி மார்ச்சிலும் ஏப்ரலிலும் எச்சரிக்கையும் போயிருந்தது. ரத்தான மருத்துவச் சந்திப்புகள் 19,000க்கு மேல் என்பது மதிப்பீடு. இந்தக் கட்டத்தில் "மைக்ரோசாஃப்ட்தான் காரணம்" என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கச் சம்பளம் வாங்குபவருக்கும், அவருக்கு ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டிய நிர்வாகத்துக்கும் அது கடமை. நிர்வாகத்தை அழுத்திச் சொல்கிறேன். "இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சர்வரை நிறுத்துகிறேன்" என்று கேட்ட அட்மினிடம் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொன்னவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை.

உங்களைப் போன்ற தனிப் பயனரை அதே தராசில் நிறுத்த முடியாது. அப்டேட்டை ஏன் தள்ளிப்போட்டீர்கள்? அநேகமாக, முக்கியமான வேலை நடுவே கணினி மறுதொடக்கம் கேட்டிருக்கும், அல்லது முன்பு ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஏதோ வேலை செய்யாமல் போயிருக்கும். அந்தப் பயம் அடிப்படையற்றது இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய ஆவணங்களையே அழித்தது, மைக்ரோசாஃப்ட் அதன் விநியோகத்தை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. பாதுகாப்புத் திருத்தத்தோடு யாரும் கேட்காத புதிய வசதிகளையும் விளம்பரங்களையும் கட்டி அனுப்பினால், அப்டேட் என்ற பெயரைக் கேட்டாலே ஒதுங்கும் பழக்கம் வரத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தை உருவாக்கியதிலும் தயாரிப்பாளருக்குப் பங்கு உண்டு.

அதேபோல, "இந்தச் செயலி உங்கள் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?" என்ற பெட்டி. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. முதலில் எதற்கெடுத்தாலும் கேட்டுத் தொல்லை கொடுத்தது. ஒரு நாளைக்குப் பலமுறை ஆம் சொல்லிப் பழகிய விரல், வேண்டாத நேரத்திலும் ஆம் என்றே சொல்லும். பதில் தெரியாதவரிடம் கேள்வியைத் தள்ளிவிட்டு, அவர் ஆம் என்றதும் "அவர்தானே அனுமதித்தார்" என்று சொல்வது பொறுப்பைக் கைகழுவும் வழி. ஆனாலும் ஒன்று இருக்கிறது. எங்கிருந்தோ வந்த கள்ளப் பிரதி மென்பொருளை நிறுவ, ஆன்டிவைரஸை நீங்களே அணைத்துவிட்டு அந்தப் பெட்டியில் ஆம் அழுத்தினால் அதற்கு வேறு யாரும் பொறுப்பேற்க முடியாது.

ஆன்டிவைரஸ் பற்றிச் சுருக்கமாக. அது தெரிந்த தீநிரல்களையும் சந்தேகமான நடத்தையையும் பிடிக்கும். ஓட்டையை அடைக்காது. மேலும், அது இயங்குதளத்தின் கருவறைவரை போய் உட்காரும் இன்னொரு நிரல், அதன் தவறும் உங்கள் கணக்கில்தான் விடியும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சிறு கோப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. ஒரு பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, இன்னொரு பகுதி 20தான் கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய்க் கெர்னலே விழுந்தது. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் விழுந்த கணினிகளில் பலவற்றை ஆள் நேரில் போய், சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. தாக்கியவர் என்று யாருமே இல்லாத சம்பவம் இது.

லினக்ஸுக்கு மாறலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக மாறலாம், நானும் அதில்தான் வேலை செய்கிறேன். வீட்டுக் கணினிகளைக் குறிவைக்கும் ரான்சம்வேர் பெரும்பாலும் விண்டோஸுக்கே எழுதப்படுகிறது என்பதால் ஆபத்து குறையும். ஆனால் அப்டேட் போடும் கடமை அங்கேயும் உங்களுடையதுதான். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அங்கே இன்னும் சிக்கலாகும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கல் கருவியில் ஒரு பின்கதவு, அதாவது ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி, பிடிபட்டது. அந்தக் கருவியைப் பராமரித்தவர் சம்பளம் எதுவும் இல்லாமல், பொழுதுபோக்காகச் செய்துகொண்டிருந்த ஒருவர். ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்து, கடைசியில் பின்கதவை உள்ளே வைத்தார். "ஏன் இவ்வளவு தாமதம், வேறு யாரிடமாவது ஒப்படைக்கக் கூடாதா" என்று பராமரிப்பாளரை நெருக்கிய கடிதங்களும் நடுவே வந்துகொண்டிருந்தன. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தை விட அரை நொடி அதிகம் எடுக்கிறதே என்று தோண்டப் போய்த்தான் அது வெளியே வந்தது.

அந்தப் பராமரிப்பாளர் யாருக்கும் எதற்கும் கடன்பட்டவர் இல்லை. அவருடைய உழைப்பை எடுத்து, பெட்டியில் போட்டு, விலை வைத்து விற்ற நிறுவனங்களுக்குத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் கடமை. லினக்ஸில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது அப்படிப் பார்க்கும் ஆள் உள்ள ஒரு வெளியீட்டை, அதாவது லினக்ஸின் ஒரு வகையை. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் போன்றவற்றுக்குப் பாதுகாப்புக் குழுக்களும் அறிவிக்கப்பட்ட ஆதரவுக் காலமும் உண்டு. பார்க்க அழகாக இருக்கிறதென்று யாரோ ஒருவர் தனியாக நடத்தும் வெளியீட்டை எடுத்தால், அவருக்கு வேறு வேலை வந்த நாளில் உங்கள் திருத்தங்களும் நின்றுவிடும்.

பொறுப்பை எங்கே வைத்தால் வேலை நடக்கும் என்பதற்கு வங்கித் துறையில் ஒரு பழைய பாடம் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். ஏடிஎம் வந்த காலத்தில், "இந்தப் பணத்தை நான் எடுக்கவில்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால் அமெரிக்காவில் வங்கிதான் அதைப் பொய்யென்று நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் வங்கிகள் தங்கள் அமைப்பில் தவறே வராது என்று சொல்லி வாடிக்கையாளர் மேல் சுமத்த முடிந்தது. பிரிட்டன் வங்கிகளுக்குத்தான் இது லாபம் என்று தோன்றும். ஆனால் புகாரைத் தட்டிக் கழிக்கலாம் என்றானதும் அவர்களுக்கு அசட்டை வந்தது, மோசடியும் அங்கே பெருகியது. பொறுப்பு தன் தலையில் இருந்த அமெரிக்க வங்கி குறைந்த செலவில் நல்ல பாதுகாப்பை அமைத்துக்கொண்டது.

அந்தப் பாடம் மென்பொருளுக்கு இப்போதுதான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் மீள்திறன் சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். இயல்நிலையிலேயே பாதுகாப்பான அமைப்பு, பொதுவாகக் குறைந்தது ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தம், மீறினால் ஒன்றரைக் கோடி யூரோ அல்லது உலக வருவாயில் 2.5 சதவீதம் வரை அபராதம். இயங்குதளங்களை முக்கியமான பொருட்களின் பட்டியலில் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். கூடவே, மென்பொருளையும் ஒரு பொருளாகக் கருதி நஷ்ட ஈடு கேட்க வழிசெய்யும் இன்னொரு நெறியை உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9க்குள் தங்கள் சட்டத்தில் சேர்க்க வேண்டும். தனிமனிதருடைய தரவு அழிவதும் அதில் இழப்பாகக் கணக்கில் வரும், லைசென்ஸில் ஒரு வரி எழுதி அதைத் தள்ளிவிட முடியாது. வணிக நோக்கமில்லாத திறந்த மூலப் பங்களிப்பாளர்களுக்கு இரண்டிலும் விலக்கு உண்டு. நன்றாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், அமலாக்கம் எப்படிப் போகும் என்பது வேறு கதை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புகுந்த ரான்சம்வேர் எந்த வழியாக வந்தது என்பதை முதலில் பாருங்கள். மின்னஞ்சல் இணைப்பைத் திறந்ததால் வந்ததென்றால் அப்டேட் போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், வந்து பார்த்தவர் சொன்னது அங்கேயே அடிபட்டுப்போகும். மாதக்கணக்கில் திருத்தம் காத்திருந்த ஓட்டை வழியாக வந்ததென்றால் ஒரு பங்கு உங்களுடையது. ரிமோட் டெஸ்க்டாப்பை (தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி) இணையத்துக்குத் திறந்து வைத்துச் சுலபமான பாஸ்வேர்டு போட்டிருந்தால், உங்களுக்காக அதைத் திறந்து வைத்தவர் யார் என்று கேளுங்கள். பல இடங்களில் கணினியை அமைத்துக் கொடுப்பவரே தன் வசதிக்காக அப்படிச் செய்துவிட்டுப் போவார்.

கணினியில் இருப்பது விண்டோஸ் 10 என்றால் இன்னொரு விஷயமும் சேர்கிறது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாதவர்களுக்கு அதன்பின் மாதாந்திரத் திருத்தம் வராது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத, இன்னும் நன்றாக ஓடுகிற கணினிகளை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. அந்த நிலையில் உள்ளவரிடம் "ஏன் அப்டேட் போடவில்லை" என்று கேட்பதே அபத்தம். போட எதுவும் தரப்படவில்லை. கைபேசியிலும் இதே கதைதான்: கூகுள் திருத்தம் எழுதும், சிப் நிறுவனமும் கைபேசி நிறுவனமும் தங்கள் பங்கைச் சேர்த்து அனுப்ப வேண்டும், அதில் ஒருவர் கைவிட்டாலும் உங்கள் கைக்கு வராது. அடுத்து எதை வாங்கினாலும் நினைவகம் எவ்வளவு, கேமரா எப்படி என்று பார்க்கும்போதே பாதுகாப்பு ஆதரவு எந்த ஆண்டுவரை என்றும் கேளுங்கள். தேதியை எழுதித் தராத நிறுவனத்தின் பொருளை நான் வாங்குவதில்லை.

கடைசியாக, கோப்புகளின் ஒரு நகல் கணினியோடு இணைக்கப்படாத வட்டில் இருக்க வேண்டும். எந்தச் சட்டம் வந்தாலும் எந்த நிறுவனம் பொறுப்பேற்றாலும் அந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்யப் போவதில்லை. இழந்த கோப்புகளுக்கு, பணம் கட்டுவதற்கு முன் நோமோர்ரான்சம் தளத்தில் உங்கள் ரான்சம்வேருக்குத் திறவுகோல் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 முதல் நடத்துகிறார்கள், கட்டணம் கிடையாது. இன்று திறவுகோல் இல்லையென்றாலும் பூட்டப்பட்ட கோப்புகளை அழித்துவிடாமல் ஒரு வட்டில் எடுத்து வையுங்கள், கும்பல் பிடிபட்டபின் வெளியான திறவுகோல்களும் உண்டு.